நேயர் அழைப்பில் குரல் கெடுகிறதா? லைனைத் திட்டுவதற்கு முன்

வானொலி நேரலையில் நேயரின் குரல் கெட்டுப்போய் வந்தால் கை நேராக மிக்சரின் ஈக்யூவுக்குத்தான் (ஒலியின் தன்மையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) போகும். அதைத் தொடாதீர்கள். இணைய நெட்வொர்க் வழியாக ஓடும் தொலைபேசி லைனான எஸ்ஐபி லைனில் குரல் போகிற பாதை வேறு, வருகிற பாதை வேறு. அதனால் குறை யார் காதில் விழுகிறது என்று முதலில் விசாரியுங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

எதிரொலியையே எடுத்துக்கொள்வோம். நேயர் தன் குரலையே திரும்பக் கேட்கிறார் என்றால் பெரும்பாலும் கோளாறு நம் பக்கம்தான். தொலைபேசி லைனை மிக்சருடன் இணைக்கும் ஹைப்ரிடுக்குப் போகும் மிக்ஸ்-மைனஸில், அதாவது நேயரின் குரலை மட்டும் கழித்து அவருக்கு அனுப்ப வேண்டிய ஒலியில், அவருடைய குரலும் கலந்து போகிறது. அந்த அவுட்புட்டில் ஒரு ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள், தொகுப்பாளரும் பாட்டும் கேட்கலாம், நேயர் மட்டும் கேட்கவே கூடாது. இரண்டு நேயர்களை ஒன்றாக இணைத்தால் ஆளுக்கொரு மிக்ஸ்-மைனஸ் வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மாறாக, தொகுப்பாளருக்குத் தன் குரல் திரும்பி வந்தால் நேயர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறார், இல்லையென்றால் பக்கத்தில் ரேடியோ ஓடுகிறது. அணைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அழைப்பு இணைகிறது, ஆனால் ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்கிறதா? இணைப்புச் செய்திகள் வழக்கமாக 5060 போர்ட்டில் போகும், குரலைச் சுமக்கும் ஆர்டிபி வேறு யுடிபி போர்ட்டுகளில் வரும், அவற்றை ஃபயர்வால் மறித்தால் இப்படித்தான் ஆகும். ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுகிறேன் பேர்வழி என்று முகவரிகளை மாற்றி எழுதிக் காரியத்தைக் கெடுப்பது அதுதான். அழைப்பு சொல்லிவைத்தாற்போல் 32 விநாடியில் அறுந்தாலும் ரவுட்டர் பக்கமே பாருங்கள், இணைப்பை உறுதிசெய்யும் ஏசிகே செய்தி போய்ச் சேரவில்லை.

குரல் ரோபோ மாதிரி உடைந்தால் பாக்கெட்டுகள், அதாவது குரலைச் சுமந்து வரும் டேட்டாத் துண்டுகள், தொலைகின்றன. ஜி.711 என்ற கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50. ஓர் அழைப்புக்கு 100 கேபிபிஎஸ்கூடத் தேவைப்படாது, ஆனால் அதே நேரத்தில் யாராவது பெரிய ஃபைலை அப்லோட் செய்தால் குரல் வரிசையில் காத்து நிற்கும். நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளை வைர்ஷார்க் என்ற மென்பொருளில் பிடித்து, டெலிஃபோனி மெனுவில் ஆர்டிபி பகுப்பாய்வைத் திறந்தால் எந்தத் திசையில் எவ்வளவு தொலைந்தது என்று தெரியும். ஸ்டுடியோ லைனை வைஃபையில் ஓட்டாதீர்கள், குரல் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியைக் கொடுங்கள். முன்னும் பின்னுமாக வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்திவைத்துச் சீராக்கும் ஜிட்டர் பஃபரைக் கூட்டலாம்தான், ஆனால் தாமதமும் கூடி இருவரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறுவார்கள்.

சீரான இடைவெளியில் 'டிக்' என்று சத்தமா? பாக்கெட்டைத் தேட வேண்டாம், ஹைப்ரிடும் மிக்சரும் டிஜிட்டலாக இணைந்து தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) வித்தியாசம் இருந்தாலே இரண்டு விநாடிக்கு ஒரு சாம்பிள் வழுக்கும்.

குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் பதிவை ஆடாசிட்டி மென்பொருளின் ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமில்லை என்றால் ஜி.711, 7,000 வரை இருந்தால் ஜி.722 என்ற இன்னொரு கோடெக். இல்லாததை ஈக்யூ கொண்டுவராது. உங்கள் நிருபர்களையாவது எஸ்ஐபி ஆப் வழியாக நேரடியாக அழைக்கச் சொல்லி ஜி.722-ஐ முன்னால் வையுங்கள்.

'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் உறுமல் டிஜிட்டல் லைனில் ஏறாது. ஹைப்ரிடுக்கும் மிக்சருக்கும் நடுவே உள்ள அனலாக் கேபிளையும் எர்த்தையும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு லைன்தான் குற்றவாளி என்றால், சேவை நிறுவனத்திடம் 'குரல் சரியில்லை' என்று மட்டும் சொல்லாமல் நேரம், இரு எண்கள், கால்-ஐடி (ஒவ்வொரு அழைப்புக்கும் உள்ள அடையாளக் குறி), பிடித்துவைத்த பாக்கெட் ஃபைல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.