கல்யாண நாளுக்கு மாலத்தீவா? டிக்கெட் போடுவதற்கு முன்

பாஸ்போர்ட், தொப்பி, சன்ஸ்கிரீன் பட்டியல் இங்கே கிடையாது. கல்யாண நாளைக் கொண்டாட மாலத்தீவு போகிறவர்கள் எங்கே பணத்தையும் ஒரு ராத்திரியையும் கோட்டை விடுகிறார்கள் என்பது மட்டும்தான். முதல் தடவை போகிற ஜோடிகள் வருஷா வருஷம் ஒரே குழியில் விழுகிறார்கள்.

விமான டிக்கெட்டை முதலில் போடுவது

இதைப் பார்த்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. மலிவாகக் கிடைத்தது என்று மாலை ஐந்து மணிக்கு மாலேயில் இறங்கும் டிக்கெட்டை எடுத்துவிடுகிறார்கள். ரிசார்ட் தேடுவது அதற்குப் பிறகு. படத்தில் பார்த்து மயங்கியது பா அட்டோலிலோ (அட்டோல் என்றால் பவளத் தீவுக் கூட்டம்) நூனு அட்டோலிலோ இருக்கும். அங்கே போக சீபிளேன், அதாவது தண்ணீரில் இறங்கி ஏறும் சின்ன விமானம், வேண்டும். சீபிளேன் பகலில் மட்டும்தான் பறக்கும். தண்ணீரில் ஓடுபாதை விளக்கு கிடையாது. அலையையும் காற்றையும் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். அங்கே ஆறு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். அதனால் மாலேயிலிருந்து கடைசி சீபிளேன் பிற்பகல் 3.30, 4 மணிக்குள் கிளம்பிவிடும்.

ஐந்து மணிக்கு இறங்கினால் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலேயில் ஓர் அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். ரிசார்ட்டில் அன்றைய இரவுக்கான வாடகை திரும்ப வராது, ஏனென்றால் முன்பதிவு அன்றிலிருந்தே தொடங்கிவிட்டது. ஒரு ஜோடிக்கு இது சரியாகக் கல்யாண நாளன்றே நடந்தது. தண்ணீருக்கு மேல் கட்டிய வாட்டர் வில்லாவில் பூ அலங்காரமும் கேக்கும் காத்துக் கிடந்தன. இவர்கள் விமான நிலையத்துப் பக்கத்து ஓட்டலில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது ஆளுக்கு மூவாயிரம் ரூபாய்.

திரும்பும்போதும் இதே கதைதான். விடிந்த பிறகுதான் முதல் சீபிளேன். காலை எட்டு மணிக்கு ஊருக்கு விமானம் என்றால் முந்தின நாள் பிற்பகலே ரிசார்ட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். நான்கு இரவுக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டு இரவு தங்கியவர்களும் உண்டு.

ஆகவே ரிசார்ட்டை முதலில் முடிவு செய்யுங்கள். எப்படிக் கூட்டிப்போவீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். சீபிளேன் என்றால் பிற்பகல் இரண்டு மணிக்குள் மாலேயில் இறங்கும்படியும், திரும்பும்போது மாலேயிலிருந்து காலை பத்து மணிக்குப் பிறகு கிளம்பும்படியும் டிக்கெட் போடுங்கள். குடியேற்ற வரிசைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம் போய்விடும். இரவு விமானம்தான் கிடைக்கிறதா? வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்களில் ஸ்பீட்போட்டில் போகும் ரிசார்ட்டுகளைப் பாருங்கள்; படகு பெரும்பாலும் இரவிலும் வரும். பா அட்டோலேதான் வேண்டும் என்றால் தரவந்தூவுக்கு உள்நாட்டு விமானம் இருக்கிறது. இருட்டிய பிறகும் இறங்கலாம், அங்கிருந்து படகு.

சீபிளேன் என்பது உங்கள் இரண்டு பேருக்கான தனி வாகனமும் அல்ல. பதினைந்து பேர் உட்காரும் ட்வின் ஓட்டர். வழியில் இன்னொரு தீவில் இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். கிளம்பும் நேரத்தைப் பெரும்பாலும் முந்தின நாள் மாலைதான் சொல்வார்கள். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பதுதான் வழக்கமான அளவு. மேலே போனால் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். விமானி செருப்பில்லாமல் ஓட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே அதுதான் பழக்கம். இன்ஜின் சத்தத்துக்குக் காதடைப்பான் தருவார்கள். வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

'++' என்பதைப் படிக்காமல் விடுவது

அறை ஓர் இரவுக்கு 500++ டாலர் என்று போட்டிருந்தால் அது 500 இல்லை. முதல் கூட்டல் 10% சேவைக் கட்டணம். இரண்டாவது சுற்றுலாவுக்கான ஜி.எஸ்.டி.; 2025 ஜூலை முதல் 17%. வரி, சேவைக் கட்டணத்தின் மேலும் ஏறும். நான்கு இரவுக்கு 2,000 டாலர் என்று நினைத்தது 2,574 ஆகிவிடும். ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி தனி: இரண்டு பேருக்கு 96. சீபிளேன் போய்வர ஆளுக்கு 500 டாலர் என்று வைத்தால் மொத்தம் 3,670. உள்ளே சாப்பிடும் ஒவ்வொரு ஐஸ்கிரீமுக்கும் இதே '++' உண்டு.

ஹாஃப் போர்டில் தண்ணீரும் சேர்த்தி என்று நம்புவது

பல இடங்களில் இல்லை. காலை உணவும் இரவு உணவும் மட்டும்தான். பாட்டிலுக்குத் தனி பில் வரும்.

எல்லா நாளும் வாட்டர் வில்லா

முதல் நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் மணலில் கால் வைக்க பக்கி வண்டியைக் கூப்பிட வேண்டியிருக்கும். இரண்டு இரவு பீச் வில்லா, இரண்டு இரவு வாட்டர் வில்லா என்று பிரித்து எடுங்கள். மாறும் நாளில் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்து இரண்டு, மூன்று மணிக்குத்தான் அடுத்த அறை கிடைக்கும்; நீச்சலுடையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

மீன் பார்க்க ஆசை என்றால் ஒரே ஒரு கேள்வி: பவளப்பாறை விளிம்பு கரையிலிருந்து எத்தனை மீட்டர்? முப்பது மீட்டர் என்றால் ஸ்நார்கெலை மாட்டிக்கொண்டு நீங்களே போய்வரலாம். படகில்தான் போக வேண்டும் என்றால், படத்தில் தெரியும் அந்த வெளிர்நீல நீர் வெறும் மணல்தான்.

கல்யாண நாள் சலுகையைப் போய்க் கேட்கலாம் என்று இருப்பது

கேக், இரவு விருந்து, அறை அலங்காரம் தரும் ரிசார்ட்டுகள் நிறைய. ஆனால் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். திருமணச் சான்றிதழும், குறைந்தபட்சம் இத்தனை இரவு என்ற நிபந்தனையும் இருக்கும். சில இடங்களில் எல்லா ஆண்டுக்கும் தருவதில்லை, ஐந்தாவது, பத்தாவது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலச் சான்றிதழை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள்.

தீவு நேரம்

மாலே நமக்கு அரை மணி பின்னால். பல ரிசார்ட்டுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கும். ஊர் திரும்பும் நாளில் அவர்கள் சொல்வது தீவு நேரமா, மாலே நேரமா என்று கேளுங்கள்.

இமுகா படிவத்துக்குப் பணம் கட்டுவது

இமுகா என்பது மாலத்தீவுக்குள் போகவும் வெளியே வரவும் இணையத்தில் நிரப்பும் பயணிப் படிவம். இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. காசு கேட்டால் தவறான தளத்துக்குப் போய்விட்டீர்கள்.

பெட்டிக்குள் பிள்ளையார்

வேண்டாம். வழிபாட்டு விக்கிரகங்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. கொழும்பு வழியாகப் போகிறவர்கள் டியூட்டி ஃப்ரீயில் வாங்கும் மது பாட்டிலும் சுங்கத்தில் நின்றுவிடும். வேப் (மின்சிகரெட்) கருவிக்கு 2024 நவம்பரிலிருந்து தடை. திரும்பி வரும்போது பவளத் துண்டு, சிப்பி, மணல் எதையும் எடுத்து வைக்காதீர்கள்.

கடைசி நாள் ஸ்கூபா

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது வேண்டும். 24 என்றால் நல்லது. சீபிளேனும் விமானம்தான்.