தேக்குப் பலகைத் தரையைத் தேய்த்து வார்னிஷுக்குத் தயார் செய்வது எப்படி

பர்மாவின் மோல்மேனில் பழைய மரவீடு வைத்திருக்கும் நம்மவர் பலரும், மாடித் தரை கறுத்துவிட்டால் அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டி மூடிவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சென்ற மார்கழியில் அந்த விரிப்பைக் கிழித்தெடுத்து, 12 அடிக்கு 14 அடிக் கூடத்தை நானே தேய்த்து முடித்தேன். அடியில் கிடந்த பர்மாத் தேக்கின் தேன்நிறத்தைப் பார்த்தபோது, இத்தனை வருடம் இதை மூடி வைத்திருந்தோமே என்று மனம் வருந்தியது.

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை இந்த வேலையைத் தொடாதீர்கள். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து உப்பியிருக்கும். கார்த்திகைக்குப் பிறகு அது காய்ந்து சுருங்கும்போதுதான் தரையின் உண்மையான மட்டம் தெரியும். இதே காரணத்தால், பலகைகளுக்கு இடையிலுள்ள சந்துகளை மக்குப் போட்டு அடைக்கவும் வேண்டாம். அடுத்த மழையில் பலகை விரிந்து அதைப் பிதுக்கித் தள்ளிவிடும். சந்து வழியே மரத்தூள் கீழ்வீட்டில் கொட்டும் என்பதால், கீழே உள்ள சாமான்களை முன்னதாகவே துணியால் மூடிவிடுங்கள்.

அடுத்தது ஆணி. ஒவ்வொரு ஆணித் தலையையும் பலகை மட்டத்துக்குக் கீழே 3 மில்லிமீட்டராவது இறங்கும்படி, முனை மழுங்கிய கம்பியை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். ஒரே ஓர் ஆணி தலைநீட்டினாலும் உப்புத்தாள் குறுக்கே கிழிந்துவிடும். விரிப்பின் கோந்தைத் தட்டையான தகட்டால் சுரண்டி எடுத்த பிறகே இயந்திரத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

இயந்திரத்தில் என் தேர்வு, கையில் பிடிக்கும் பெல்ட் சாண்டர், அதாவது உப்புத்தாள் பட்டை வளையமாகச் சுழன்று தேய்க்கும் இயந்திரம். இரும்பு அறுக்கும் கிரைண்டரில் வட்டத் தாளை மாட்டித் தேய்ப்பவர்கள் உண்டு. அது பிறை பிறையாகப் பள்ளம் விடும், எனவே அதைத் தரைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதலில் 60ஆம் எண் உப்புத்தாள், பிறகு 80 (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), இரண்டையும் மர ரேகையோடு ஓட்டுங்கள். இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு தரையில் இறக்கி, நிறுத்துவதற்கு முன்பே தூக்கிவிட வேண்டும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் தாள் விரைவில் மழுங்கும். மழுங்கிய தாளை அழுத்தித் தேய்த்தால் மரம் சூடேறிக் கறுக்கும்.

நான் தவறியது இந்தக் கட்டத்தில்தான். சுவிட்சைப் பூட்டும் பொத்தானை அழுத்தி ஓட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. இயந்திரத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்து, அது தானாக ஓடி, சன்னலோரப் பலகையில் விரல் புதையும் அளவுக்குக் குழி பறித்துவிட்டது. அந்தப் பலகையை மாற்ற வேண்டியதாயிற்று. கரண்ட் போனவுடன் பிளக்கைப் பிடுங்கி, இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

பிறகு, தாள் சிறு வட்டங்களாக அசைந்து தேய்க்கும் ஆர்பிட்டல் சாண்டரில் 80, 100, 120 என்று படிப்படியாகச் செல்லுங்கள். ஓர் எண்ணைத் தாண்டினால், முந்திய தாளின் கீறல் அப்படியே நின்று வார்னிஷ் பூசிய பிறகு பளிச்சென்று தெரியும். ஆசாரி வேலை தெரிந்த என் பெரியப்பா, "தம்பி, விளக்கைத் தரையோடு தரையாக வைத்துப் பார்" என்றார். கூடத்தை இருட்டாக்கி அப்படிப் பார்த்தபோது, பகலில் வழவழப்பாகத் தோன்றிய இடமெல்லாம் கோடு கோடாக நிழல் விழுந்தது. 120க்கு மேல் போகாதீர்கள். அதிகம் வழவழத்தால் வார்னிஷ் பிடிப்பு குறையும். முகமூடி அவசியம், தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தும்மலும் தரும்.

தூளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிய பின், வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடையுங்கள். துணி மஞ்சளாகும், அது தேக்கின் எண்ணெய். அதை எடுக்காமல் பூசினால் வார்னிஷ் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். துடைத்து, ஆவி முற்றிலும் போனதும் அன்றைக்கே முதல் பூச்சை முடித்துவிடுங்கள். விட்டுவைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வேலையில் இறங்கிய நண்பர் ஒருவர், துடைக்கும்போது சாமி விளக்கு எரியலாமா என்று கேட்டார். எரியவே கூடாது. அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும்; அடுப்பையும் அணைத்து, சன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள். வார்னிஷ் துடைத்த துணிகளையும் சுருட்டிக் குவிக்காமல், வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்; குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.