கிணற்றில் எத்தனை நிலைகள்?

மண்டபம் ஊரில் என் வீட்டுத் திண்ணைக்குக் குவாண்டம் இயற்பியல் படிக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். கிணறு என்றால் சுற்றிலும் விட நிலையாற்றல் தாழ்ந்திருக்கும் இடம்; நிலை என்றால் அதற்குள் அடைபட்ட துகள் கொள்ளக்கூடிய ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை. எண்ணிக்கை தெரியாமல் தேடினால் ஏதாவது ஒரு நிலை கண்ணில் படாமலே போய்விடும்.

1 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) ஆழமும் 1 நானோமீட்டர் அகலமும் உள்ள சதுரக் கிணற்றில் ஓர் எலக்ட்ரான் இருக்கட்டும். ஆழத்தை 0.0381 ஆல் (பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் நிறையும் சேர்ந்து இந்த அலகுகளில் தரும் எண்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பாதி அகலமான 0.5 ஆல் பெருக்குங்கள்: 2.56. இதுதான் கிணற்றின் வலிமை. இதை π (பை) என்ற எண்ணில் பாதியான 1.57 ஆல் வகுத்தால் 1.63, அதற்கு அடுத்த முழு எண் 2. கட்டுண்ட நிலைகள், அதாவது எலக்ட்ரான் கிணற்றை விட்டு வெளியேற முடியாத நிலைகள், இரண்டே.

வலிமை எவ்வளவு குறைந்தாலும் ஒரு பரிமாணத்தில் ஒரு நிலை மிஞ்சும். எங்கள் கரையில் மணலைக் கையால் தோண்டி, ஊற்றில் சுரக்கும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் அள்ளுவார்கள். அந்த ஆழமில்லாத ஊற்றைக் காட்டித்தான் இதை விளக்குவேன். முப்பரிமாணத்தில் இந்த உறுதி கிடையாது.

இனி, 'ய' என்ற எண்ணைத் தேடுங்கள்; நிலையின் ஆற்றல் இதிலிருந்துதான் கிடைக்கும். முதல் நிலை இரட்டைச் சமச்சீர் உடையது, அதாவது அதன் அலைச்சார்பு (எலக்ட்ரானை விவரிக்கும் அலை) நடுவுக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும்: கொசைன் ய = ய ÷ 2.56. 1 போட்டால் இடப்பக்கம் 0.54, வலப்பக்கம் 0.39, இடம் பெரிது, ஆகவே கூட்டுங்கள். 1.2 போட்டால் இடம் சிறிது. நடுவே நெருக்கினால் 1.12. கால்குலேட்டர் ரேடியனில் இருக்க வேண்டும். பாம்பனிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒரு மாலை முழுதும் விடை வராமல் தவித்தாள். கொசைன் 1 என்று தட்டிப் பார்க்கச் சொன்னேன். 0.9998 என்று வந்தது. கருவி பாகையில் இருந்தது.

இரண்டாவது நிலை ஒற்றைச் சமச்சீர், அதாவது ஒருபுறத்து மதிப்பு மறுபுறம் குறி மாறி வரும்: சைன் ய = ய ÷ 2.56, தேடும் இடம் 1.57 முதல் 3.14 வரை. விடை 2.147. 'ய'வை 2.56 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால், அடியிலிருந்து அளந்த ஆற்றல்கள் 0.19, 0.70 எலக்ட்ரான் வோல்ட்.

கிணறு சதுரமாக இல்லாமல், ஆனால் இருபுறமும் சமமாக இருந்தால், நடுவிலிருந்து படிப்படியாக நகருங்கள். அலைச்சார்பின் அடுத்த மதிப்பு = 2 × இப்போதையது − முந்தையது + படியின் வர்க்கம் × (நிலையாற்றல் − ஆற்றல்) ÷ 0.0381 × இப்போதையது. படி 0.01 நானோமீட்டர் போதும். முதல் நிலைக்கு 1, 1 என்று தொடங்குங்கள். அலைச்சார்பின் வால் மேலே பறந்தால் நீங்கள் எடுத்த ஆற்றல் குறைவு. சுழியைக் கடந்து கீழே பாய்ந்தால் அதிகம். இரண்டுக்கும் நடுவே பாதி பாதியாகக் குறுக்குங்கள். வால் மேலிருந்து கீழே மாறும் இந்தத் திருப்பத்தைக் கையால் ஒருமுறையாவது வரைந்து பாருங்கள், மென்பொருளை அப்புறம் தொடலாம். மென்பொருள் எழுதியதும் முதலில் இதே சதுரக் கிணற்றைக் கொடுங்கள்; 0.19 வராவிட்டால் வேறு கிணற்றுக்குப் போகாதீர்கள்.