கழிவுநீர் குளத்துல பாக்டீரியா குறையலையா? பிளீச்சிங் பவுடருக்கு முன்னாடி இதை பண்ணுங்க

கழிவுநீரை வரிசையா குளங்கள்ல தேக்கி, வெயிலும் பாசியும் வச்சு சுத்தம் பண்றீங்களா? கடைசி குளத்துல தண்ணி நாத்தமில்லாம பச்சையா நல்லாத்தான் இருக்கு, ஆனா லேப் ரிப்போர்ட்ல ஈ.கோலை (மலத்துல இருந்து வர்ற பாக்டீரியா) மட்டும் குறையலைன்னா உடனே பிளீச்சிங் பவுடர் மூட்டையை பிரிக்காதீங்க. குளோரின்ல பெரும்பகுதி பாசியோடயும் அழுக்கோடயும் சேர்ந்தே தீர்ந்துடும், போதாக்குறைக்கு பாசியும் செத்துடும். நமக்காக வேலை பாக்குறதே அந்த பாசிதான்.

1. எவ்வளவு குறையணும்னு பாருங்க

கச்சா கழிவுநீர்ல 100 மில்லிக்கு 1 கோடி ஈ.கோலை இருக்கறது சகஜம். பச்சையா சாப்பிடற காய்கறிக்கு பாய்ச்சணும்னா மலக்கழிவு கோலிஃபார்ம் (ஈ.கோலையும் சேர்ந்த பாக்டீரியா கூட்டம்) 100 மில்லிக்கு 1000க்குள்ள இருக்கணும்னு 1989ல உலக சுகாதார அமைப்பு சொல்லுச்சு. 99 சதவீதம் போயிடுச்சேன்னு சந்தோஷப்பட்டா இன்னும் 1 லட்சம் மிச்சம் இருக்கும்.

2. ஒரே குளமா வைக்காதீங்க

குளத்துல பாக்டீரியா எவ்வளவு குறையும்னு கணக்கு போட, மரேங்கிற இன்ஜினியர் 1974ல கொடுத்த ஃபார்முலாவைத்தான் இன்னிக்கும் நிறைய பேர் போடறாங்க. 25 டிகிரியில, 15 நாள் தண்ணி தங்கற ஒரே குளம்னா பாக்டீரியா சுமார் 94ல ஒரு பங்காகும், அதே இடத்தை 5 நாள், 5 நாள், 5 நாள்னு மூணு குளமா வரிசையா பிரிச்சா கிட்டத்தட்ட 33,000ல ஒரு பங்காகிடும். நிலமும் அதே, தண்ணியும் அதே! நிஜத்துல இவ்வளவு அழகா வராது, ஆனா வித்தியாசம் பெருசாதான் இருக்கும். ஒண்ணு, முதல் குளத்தை பிரிக்கவே பிரிக்காதீங்க, லோடு எல்லாம் ஒரே இடத்துல ஏறி நாத்தம் எடுத்துடும். கடைசி குளங்களை பிரிங்க.

3. தண்ணி குறுக்கு வழியில ஓடுதான்னு பாருங்க

கிளவுஸ், பூட்ஸ் போட்டுக்கிட்டு, கூட ஒரு ஆளை வச்சுக்கிட்டு, தண்ணி உள்ள வர்ற இடத்துல நாலஞ்சு ஆரஞ்சுப் பழத்தை போடுங்க. பந்து மாதிரி மேல நிக்காம முக்கால்வாசி முழுகியே மிதக்கும், அதனால காத்து ரொம்ப இழுக்காது, தண்ணி போற வழியிலேயே போகும். நாள் கணக்குல தங்க வேண்டிய தண்ணி சில மணி நேரத்துல அவுட்லெட்டுக்கு வந்துடுச்சுன்னா பழமே காட்டிக் கொடுத்துடும்.

வந்துடுச்சுன்னா தடுப்பு போடுங்க. கம்பம் நட்டு கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் கட்டினாலே போதும், ஒரு கரையில இருந்து குளத்து அகலத்துல 70 சதவீதம் வரைக்கும் நீட்டுங்க, அடுத்ததை எதிர்க்கரையில இருந்து. ரெண்டு தடுப்பே நல்ல மாற்றம் காட்டும். ஷீட் அடி தரையில படணும், இல்லேன்னா தண்ணி அடியில புகுந்து போயிடும்.

4. வெயில் உள்ள இறங்கணும்

ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தா வாரிடுங்க, ஆழம் 1 மீட்டர் கிட்ட இருந்தா போதும். மத்தியானம் 2 மணிக்கு பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) பாருங்க, பாசி கார்பன் டை ஆக்சைடை இழுக்கறதால 9க்கு மேல ஏறியிருந்தா நல்ல அறிகுறி, வெயில், ஆக்சிஜன், இந்த பிஹெச் மூணும் சேர்ந்துதான் ஈ.கோலையை கொல்லுது. காலைல பாத்துட்டு 7.5தான் இருக்குன்னு கவலைப்படாதீங்க. அடியில சகதி நிறைஞ்சிருந்தா அதையும் எடுத்தாகணும், தங்கற நாளே குறைஞ்சுடும்.

5. சாம்பிள்

கிருமி நீக்கின லேப் பாட்டில்ல எடுத்து, வெயில் படாம ஐஸ் பாக்ஸ்ல வச்சு 6 மணி நேரத்துக்குள்ள லேப்ல கொடுங்க. டேஷ்போர்டுல வச்சு வெயில்ல ஊர் சுத்தி கொண்டு போனா அந்த நம்பரை நம்பவே முடியாது. தடுப்புக்கு முன்னாடி ஒண்ணு, தடுப்பு போட்டு குளத்து தண்ணி ரெண்டு மூணு சுத்து மாறினப்புறம் ஒண்ணு, ரெண்டு நாளும் ஒரே மணிக்கு எடுத்ததா இருக்கணும்.