ஏரிச் சேற்றில் பழைய காடு: மகரந்தம் எண்ணத் தொடங்குபவர்களுக்கு

காற்றில் பறக்கும் மகரந்தத்தில் பெரும்பங்கு எந்தப் பூவையும் போய்ச் சேராமல் வீணாகிறது. அப்படி வீணாகி ஏரியில் விழுந்து சேற்றோடு புதைந்த துகள்கள்தான் நமக்கு வேண்டும்: அந்தந்த அடுக்கின் காலத்தில் சுற்றிலும் என்ன மரம், செடி இருந்தது என்று அவை சொல்லும். அவற்றின் மேலுறையில் ஸ்போரோபொலெனின் என்ற பொருள் இருப்பதால், காற்றுப் படாமல் கிடந்தால் பல்லாயிரம் ஆண்டுகள் ஆனாலும் மட்காது. 1916இல் சுவீடனைச் சேர்ந்த லென்னார்ட் வான் போஸ்ட் இந்தத் துகள்களை அடுக்கு வாரியாக எண்ணி, சதவீத வரைபடமாகக் காட்டினார். இன்றைக்கும் அடிப்படை வேலை அதேதான்.

1. இடம். ஆறு வந்து கலக்காத சிறிய ஏரி அல்லது பீட் சதுப்பு (அரைகுறையாக மட்கிய செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஈரநிலம்) நல்லது. அடிக்கடி வற்றும் குட்டையை விட்டுவிடுங்கள், காற்றுப் பட்ட துகள் அரித்துப்போயிருக்கும்.

2. மண் எடுப்பது. குழாய்த் துளைப்பானை இறக்கி வண்டலை உருளையாக எடுக்க வேண்டும். மேலிருந்து ஆழத்தைக் குறித்து, இத்தனை செ.மீ.க்கு ஒன்று என்று 1 கன செ.மீ. மாதிரிகளை வெட்டுங்கள். எந்த முனை மேல் என்று உருளையில் எழுத மறந்தால் எல்லாம் போச்சு.

3. வயது. கார்பன்-14 காலக்கணிப்புதான் வழக்கம். இதன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள் என்பதால், ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. சேற்றை மொத்தமாகக் கொடுப்பதைவிட அதிலிருக்கும் நிலத்தாவர இலை, விதையைப் பொறுக்கிக் கொடுங்கள். சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் நீர்த்தாவரங்கள் பழைய கார்பனை எடுத்துக்கொண்டு பொய் வயது காட்டும்.

4. சுத்தம் செய்தல். முதலில் எண்ணிக்கை தெரிந்த லைகோபோடியம் (பூக்காத ஒரு சிறு செடி) வித்துகள் அடங்கிய மாத்திரையை, பிறகு ஒப்பிட்டுக் கணக்கிடுவதற்காகப் போட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் மாத்திரையும் சுண்ணாம்பும் கரையும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மட்கைக் கரைக்கும், சல்லடை பெரிய குப்பையைப் பிடிக்கும். மணலைக் கரைக்கும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைப் புதியவர்கள் தனியாகத் தொடவே கூடாது. தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரியலாம், அதற்குள் ஆழமாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அடர்திரவத்தில் மகரந்தத்தை மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறையும் உண்டு, தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

5. எண்ணுவது. மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் ஸ்லைடை வரிவரியாகப் பாருங்கள். பைன் என்றால் இருபக்கமும் ஊதிய பைகள், புல் என்றால் வளையத்தோடு ஒரே துளையுள்ள வழவழப்பான பந்து. எந்தப் புல் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது, 'புல்' என்று எழுதி நகருங்கள். ஒரு மாதிரிக்கு 300 துகளாவது வேண்டும், கழுத்து வலிக்கும். லைகோபோடியத்தையும் கூடவே எண்ணுங்கள்: 20,000 போட்டு, 300 மகரந்தம் எண்ணும்போது 100 லைகோபோடியம் கண்ணில் பட்டால், அந்த 1 கன செ.மீ.யில் 60,000 மகரந்தம் இருந்திருக்கிறது.

6. படித்துப் பார்ப்பது. சறுக்கும் இடம் இதுதான். புல் 100, பைன் 100 என்றால் புல் 50%. அடுத்த அடுக்கில் புல் அதே 100, பைன் மட்டும் 200 ஆனால் புல் 33% ஆகிவிடும். புல்வெளி சுருங்கியது என்று எழுதத் தோன்றும், ஆனால் புல் அப்படியே இருக்கிறது! அதனால்தான் லைகோபோடியம் வைத்துக் கணக்கிட்ட செறிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம், பைன் காற்றில் மகரந்தத்தை வாரி இறைக்கும், பூச்சியை நம்பிய மரமோ கிள்ளித்தான் கொடுக்கும். அதனால் 60% பைன் மகரந்தம் என்பது 60% பைன் மரம் ஆகாது.

காடு குறைந்தால் உடனே காலநிலைமேல் பழி போடாதீர்கள். அதே அடுக்கில் தானிய மகரந்தமும் கரித்துகளும் கூடியிருந்தால் கோடாரியும் நெருப்பும் வந்திருக்கலாம். மாறாக, ஐரோப்பிய ஏரிகளில் சுமார் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் மரங்கள் குறைந்து குளிர்நிலச் செடிகள் திரும்புவது இடம் இடமாகத் தெரிகிறது. அங்கே குளிர்தான் காரணம். டிரையஸ் என்ற குளிர்நிலச் செடியின் பெயரிலேயே அந்தக் காலத்தை 'இளைய டிரையஸ்' என்கிறார்கள்.

வெப்பத்தையும் மழையையும் எண்ணாகவே வேண்டுமென்றால், இன்றைய மேற்பரப்பு மண்ணில் பல இடங்களிலிருந்து மகரந்தம் எண்ணி, பழைய அடுக்கு எதை ஒத்திருக்கிறதோ அந்த இடத்தின் காலநிலையை எடுத்துக்கொள்வார்கள். அதனால் பழைய சேற்றைத் தொடுவதற்கு முன், மரங்களை நீங்களே எண்ணிப் பார்த்த ஒரு தோப்பில் கைப்பிடி பாசியைப் பிய்த்து அதிலுள்ள மகரந்தத்தை எண்ணுங்கள். இரண்டு பட்டியலும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு ஏரிக்குப் போகலாம்.