பெங்களூரு மின்கம்பிகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறிப்பது எப்படி

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்; அதில் ஒவ்வொன்றும் என்ன வகை என்பதை ‘பவர்=லைன்’ போன்ற குறிச்சொல்லால் (டேக்) சொல்ல வேண்டும். முதலில் கம்பியைப் பார்க்காதீர்கள், அதைத் தாங்குவதைப் பாருங்கள். இரும்புக் கோபுரங்களில் போகும் 66, 220, 400 கிலோவோல்ட் தடங்களுக்கு ‘பவர்=லைன்’. தெருக் கம்பங்களில் ஓடும் 11 கிலோவோல்ட்டுக்கும் வீட்டு இணைப்புக் கம்பிகளுக்கும் ‘பவர்=மைனர்_லைன்’. மண்ணுக்கடியில் போவது மட்டுமே ‘பவர்=கேபிள்’. தடம் கோபுரத்திலிருந்து நிலத்துக்குள் இறங்கினால் அந்த இடத்தில் கோட்டைப் பிரித்துவிடுங்கள்.

பலரும் சறுக்குவது ‘கேபிள்ஸ்’, அதாவது மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகளின் எண்ணிக்கையில். உச்சியில் தனியாகப் போகும் மெல்லிய கம்பி இடிதாங்கும் எர்த் கம்பி. அதை எண்ணக் கூடாது. கோபுரத்தின் இருபுறமும் மூன்று மூன்றாகத் தொங்கினால் ‘கேபிள்ஸ்=6’, ‘சர்க்யூட்ஸ்=2’ (மூன்று கம்பிகள் சேர்ந்தது ஒரு சர்க்யூட்). ஒரே இன்சுலேட்டரில் (கம்பியைக் கோபுரத்தில் தொங்கவிடும் மின்காப்பு) இரண்டு கம்பிகள் ஸ்பேசரால் (இடைவெளி காக்கும் துண்டு) இணைந்திருந்தால் அது ஒரு கேபிள்தான்; ‘ஒயர்ஸ்=டபுள்’ என்று சேர்த்தால் போதும்.

மின்னழுத்தத்தை வோல்ட்டில் எழுத வேண்டும்: 66 அல்ல, 66000. தெரியாவிட்டால் இன்சுலேட்டர் வட்டுகளை எண்ணலாம். 66 கிலோவோல்ட்டுக்கு ஐந்தாறு, 220க்குப் பதிமூன்று, பதினான்கு இருக்கும். தனித்தனி வட்டுகளாக இல்லாமல் ஒரே தண்டாக இருக்கும் பாலிமர் இன்சுலேட்டர் என்றால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது மின்னழுத்தத்தை அறிய, துணைமின்நிலையம் வரை தடத்தைத் தொடருங்கள். ஊகித்து எழுதுவதைவிட வெறுமையாக விடுவது எவ்வளவோ மேல்.

அல்சூர், சிவாஜிநகர் சந்துகளில் கம்பத்துக்குக் கம்பம் கறுப்பாகச் சுருண்டு தொங்குபவை பெரும்பாலும் இணைய, டிவி கேபிள்கள். அவற்றை ‘பவர்’ பட்டியலில் சேர்க்காதீர்கள். குறித்தே ஆக வேண்டுமென்றால் ‘கம்யூனிகேஷன்=லைன்’.

ஒவ்வொரு கோபுரத்தையும் கோட்டின் மீதே புள்ளியாக வையுங்கள். செயற்கைக்கோள் படத்தில் கோபுரம் சாய்ந்து தெரியும். உச்சியை அல்ல, அடிப்பாகத்தின் நடுவைப் பிடியுங்கள்.