இணையப் பாதுகாப்பு வகுப்பு: பயமுறுத்திவிட்டு வராதீர்கள்

போன மாதம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இரண்டு இளம் ஆசிரியர்கள் இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுத்ததைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத் தயாரித்து வந்திருந்தார்கள். ஆனால் நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்தார்கள். மனசு கேட்கவில்லை, இந்த வகுப்பை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஓடிபி சொல்லாதே, பாஸ்வேர்டைக் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கையைத் தூக்கச் சொல்வது

"யார் யாரெல்லாம் இன்ஸ்டா வச்சிருக்கீங்க?" ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். "பதிமூணு வயசு ஆகாம வச்சிருக்கக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் ஆசிரியர். விதி அதுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒரு கைகூட எழவில்லை. பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் கேளுங்கள். "கேமுக்கு ஃப்ரீ டைமண்ட் தர்றேன்னு சொன்னாங்க, அம்மா நம்பர் குடுத்துட்டேன்" என்று எழுதி வரும். அங்கிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.

பெண் பிள்ளைகளை மட்டும் கூப்பிடுவது

வேண்டாம். அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டுகிற கும்பல்கள் பெரும்பாலும் பையன்களைத்தான் குறிவைக்கின்றன.

"தெரியாதவங்களோட பேசாதே"

மூன்று மாதம் கூடவே கேம் ஆடியவன் பிள்ளையின் பார்வையில் தெரிந்தவன்.

பயமுறுத்துவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "ஒரு போட்டோ அனுப்பினா போதும், வாழ்க்கையே போச்சு." அன்றைக்கும் இதே வாக்கியம் வந்தது. பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். அந்த அமைதியைப் பார்த்து, பாடம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

2021-ல், ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு வீடு போன் வாங்கியிருந்த சமயம், நானும் ஒன்பதாம் வகுப்பில் அதையே சொன்னேன். அப்போது அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பையன் இரண்டு வாரமாக யாருக்கோ பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். பெண் பெயரில் ஒரு ஐடி, இனிப்பான பேச்சு, அப்புறம் ஒரு வீடியோ கால். அதைப் பதிவு செய்துகொண்டு, அவனைப் பின்தொடர்பவர்களின் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இவங்க எல்லாருக்கும் அனுப்பவா?" என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் 500, மறுபடி 500, அப்புறம் 2,000. அம்மாவின் கணக்கில் இருந்த மகளிர் குழுப் பணம் குறைந்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். "வாழ்க்கையே போச்சுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றான்.

மிரட்டுகிறவன் சொல்வதும் அதே வாக்கியம்தான். அவன் வேலையில் பாதியை நானே வகுப்பில் நின்று செய்து கொடுத்திருக்கிறேன்.

இப்போது என் வகுப்பு, "ஏற்கெனவே அனுப்பிட்டா என்ன செய்யலாம்?" என்பதிலிருந்து தொடங்குகிறது. பணம் கொடுக்காதே, கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும். உரையாடலை அழிக்காதே. அந்த ஐடி, யுபிஐ எண், மிரட்டல் வரிகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய். பணம் போயிருந்தால் உடனே 1930, சைபர் மோசடிக்கான உதவி எண். சீக்கிரம் கூப்பிட்டால் அந்தத் தொகையை வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு. பேச ஆள் வேண்டும் என்றால் எந்த நேரமும் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் தரலாம்.

'டேக் இட் டவுன்' பற்றியும் சொல்லுங்கள். அந்தரங்கப் படங்களை இணையத்திலிருந்து நீக்க 2023-ல் வந்த இலவச சேவை. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரியான ஓர் எண்வரிசை மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். இதைச் சொல்லும்போது வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பிள்ளைக்காகத்தான் நாம் வந்திருக்கிறோம்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"

இந்தச் சத்தியம் நம்மால் காப்பாற்ற முடியாதது. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். "உதவி செய்ய வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுதான் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படத்தை வாங்கி வைத்துக்கொள்வது

ஆதாரம் என்று நினைத்து மாணவியின் படத்தைத் தன் வாட்ஸாப்புக்கு அனுப்பச் சொன்ன ஆசிரியரையும், அதை ஆசிரியர் குழுவில் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான். ஆனால் சிறார் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். பார்ப்பதும் இறக்கி வைத்திருப்பதும் குற்றம் ஆகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது.

பிள்ளை போனை நீட்டினால்கூட வாங்கிப் பார்க்காதீர்கள். என்ன நடந்தது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள், தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். படம் அந்தப் போனிலேயே இருக்கட்டும்; காவல்துறை பார்த்துக்கொள்ளும்.